அண்டை வீட்டுக் கண்

அராஜகம் என்ற சொல்லை நாம் வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவனும், மார்க்கெட்டில் சரக்கைப் பதுக்கி விலை ஏற்றுகிறவனும், விடுதி நாற்காலிகளை உடைக்கும் மாணவனும் அராஜகம் செய்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அரசன் இல்லாமை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அரசன் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை வால்மீகி அயோத்தியா காண்டத்தில் ஒரு சர்க்கம் முழுவதும் சொல்கிறார். தசரதன் இறந்து கிடக்கிறான், பரதன் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் பெரியவர்கள் வசிஷ்டரிடம் அடுக்கிக்கொண்டே போகிறார்கள்: மழை பெய்யாது, யாரும் விதைக்க மாட்டார்கள், மகன் தகப்பனுக்கு அடங்க மாட்டான், மீன் மீனை விழுங்குவதுபோல் மனிதர் மனிதரை விழுங்குவார்கள். மன்னனே உலகத்துக்கு உயிர் என்ற சங்கப் புலவரும் இதே பயத்தின் மறுபக்கத்தைத்தான் சொன்னார்.

எனக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. மீன் மீனை விழுங்குவதை அரசர்கள் தடுத்ததாகச் சரித்திரத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. என்னுடைய பயம் வேறு. அரசன் இல்லாத ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய நல்ல தன்மையிலிருந்து தப்பிப்பதற்கு ஒருவனுக்கு வழியே இருக்காது. இந்தப் பயம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. புத்தகங்கள் பிறகு வந்தன.

1979-இல் நாங்கள் ஐந்து பேர் ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். ஏழு இதழ் வந்தது. ஆசிரியர் என்று யாரும் இல்லை. அது எங்கள் கொள்கை. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டதால் ஆசிரியர், வெளியிடுபவர் என்று யார் பெயரையும் பதிவு செய்கிற தொல்லை இல்லாமல் போயிற்று. கையில் காசு இருக்கிறவன் பேப்பர் வாங்குவான். லீவு கிடைக்கிறவன் ட்ரெடில் அச்சகத்தில் போய் உட்கார்ந்து புரூப் பார்ப்பான். எந்தக் கவிதை வரவேண்டும், எது வேண்டாம் என்பதை டீக்கடை பெஞ்சில் ஐந்து பேரும் ஒத்துக்கொள்கிறவரை பேசித் தீர்ப்போம். ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுத்தால் தோற்ற இருவர்மேல் ஜெயித்த மூவர் அதிகாரம் செலுத்துகிறார்கள் என்பது எங்கள் வாதம். எங்களுக்குள் ஆறேழு வருஷம் வயது வித்தியாசம் இருந்தும் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றே கூப்பிட்டோம். இதைச் சொல்லும்போது கிண்டல் தொனி வந்துவிடக்கூடாது என்று கவனமாக இருக்கிறேன். அந்த இரண்டு வருஷங்களைப் போல் நான் பிறகு வாழ்ந்ததில்லை.

ஐவரில் ஒருவனிடம் சந்தாப் பணம் இருந்தது. அவன் வீடு தபால் ஆபீஸுக்குப் பக்கத்தில் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. நாலாவது இதழுக்குப் பிறகு அவனிடமிருந்து கணக்கு வரவில்லை. ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பும் வரவில்லை. சந்திப்புகளுக்கு வருவதும் வராததுமாக இருந்தான். நாங்கள் யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. கேட்பது போலீஸ்காரன் வேலை என்று நினைத்தோம். அதற்குப் பதிலாக டீக்கடையை மாற்றினோம். அப்படி ஒரு தீர்மானம் எங்கேயும் எடுக்கப்படவில்லை. வேறொரு கடையில் டீ நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அது நானாகவும் இருக்கலாம். அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏழாவது இதழின் பின்னட்டையில் சந்தா அனுப்ப வேண்டிய முகவரி மாறியிருந்தது. அதை அவன் அச்சில்தான் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் எங்கள் கையில் சுற்றிக்கொண்டிருந்த புத்தகம் க்ரோபோட்கினுடைய 'ரொட்டியைக் கைப்பற்றுதல்'. 1892-இல் பிரெஞ்சில் வந்தது. அதிகாரம் இல்லாமல் காரியம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அவர் சொர்க்கத்தைக் காட்டுவதில்லை, ரயிலைக் காட்டுகிறார். ஐரோப்பாவில் எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ தேசங்கள். எல்லோருக்கும் மேலே ரயில் மந்திரி என்று ஒருவர் கிடையாது. கடிதம் எழுதி, கூடிப் பேசி, ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வண்டி போகிறது. புயலில் கப்பல் உடைந்தால் உயிர்காப்புப் படகைத் தள்ளிக்கொண்டு போகிற இங்கிலாந்துக் கடற்கரை ஆட்களை எந்தச் சர்க்கார் உத்தரவிட்டு அனுப்புகிறது என்று கேட்கிறார். வாதத்தில் இப்படிக் கண்ணெதிரே இருப்பதை எடுத்துக் காட்டுகிற குணம் அவருடைய 'பரஸ்பர உதவி'யிலும் உண்டு. டார்வினுடைய பெயரால் ஹக்ஸ்லி 1888-இல் இயற்கையை ஒரு மல்யுத்த மைதானமாக வர்ணித்ததற்குப் பதிலாக 1890-இலிருந்து எழுதிய கட்டுரைகள் 1902-இல் புத்தகமாயின. சைபீரியாவில் இளம் அதிகாரியாகச் சுற்றிய நாட்களில், ஓரினத்துக்குள் நடக்கிற ஈவிரக்கமற்ற போட்டியைத் தேடித்தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். கிடைத்தது குளிரும், பனிப்புயலும், அவற்றுக்கு எதிராக ஒன்றுசேர்ந்து நிற்கிற உயிர்களும். இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன்.

ஆனால் 'ரொட்டி'யில் ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்கிற அத்தியாயம் ஒன்று இருக்கிறது. வேலைக்கு வராத ஆளை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். க்ரோபோட்கினுடைய பதில் சாந்தமானது. ஒரு காரியத்துக்காகக் கூடிய நண்பர்கள், அடிக்கடி தன் இடத்தை விட்டுப் போய்விடுகிற ஒருவனைப் பார்த்து, உன்னோடு சேர்ந்து உழைக்க எங்களுக்கு விருப்பம்தான், ஆனால் உன்னால் முடியவில்லை, ஆகவே உன் போக்கைப் பொறுத்துக்கொள்கிற வேறு கூட்டாளிகளைத் தேடிக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான். ஜெயில் இல்லை, அபராதம் இல்லை. படித்தபோது இதைவிட நாகரிகமான பதில் இருக்க முடியாது என்று தோன்றிற்று. நாங்கள் செய்ததும் இதைத்தான், அதுவும் சொல்லாமலே செய்தோம், அவனுடைய மனம் நோகாமல்!

வெகுநாள் கழித்து ஒன்று உறைத்தது. அந்த வாக்கியம் முழுக்கக் கூட்டத்தின் வாயிலிருந்து வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் அந்தப் பக்கத்தில் இல்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கியதும் க்ரோபோட்கினுடைய பேனா அடுத்த ஆட்சேபணைக்குப் போய்விடுகிறது. அவனோடு தெருவில் இறங்கிப் போகிற எழுத்து எது என்று தேடினால், அனார்க்கிஸ்டுகள் எழுதிய, அல்லது அனார்க்கிஸத்தைப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய கதைகளுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. கட்டுரை பேசுவது சேர்ந்து நிற்கிறவர்களைப் பற்றி. நாவல் வெளியே அனுப்பப்பட்டவனைப் பின்தொடர்கிறது. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருந்தால் விஷயம் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

அப்படி எழுதியவர் ஒருவர் உண்டு. வில்லியம் காட்வின் 1793-இல் 'அரசியல் நீதி' என்ற தத்துவ நூலையும், அடுத்த வருஷமே 'கேலப் வில்லியம்ஸ்' என்ற நாவலையும் வெளியிட்டார். முதல் புத்தகத்தில் அவர் கோர்ட்டையும் தண்டனையையும் சட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறார். பெரிய ராஜ்யங்கள் உடைந்து சின்னச் சின்னச் சமூகங்களாக வாழ்கிறபோது தப்புச் செய்கிறவனை யார் திருத்துவது? பக்கத்தில் இருக்கிறவர்கள். ஒவ்வொருவனும் தன் அண்டை அயலாரின் நடத்தையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வையை எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவு வராது. சாட்டைக்கும் சங்கிலிக்கும் குறையாத வலிமை அதற்கு உண்டு என்கிறார். அதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்லவில்லை, சிபாரிசாகச் சொல்கிறார். சாட்டையை ஒழிக்கப் புறப்பட்டவர் சாட்டைக்குச் சமமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அந்த இடத்தில் தெரிகிறது.

மறுவருஷத்து நாவலில் கேலப் வில்லியம்ஸ் என்ற ஏழைப் பையன் ஃபாக்லண்ட் என்ற கனவானிடம் காரியதரிசியாகச் சேர்கிறான். எஜமானர் ஒரு கொலை செய்தவர் என்பது அவனுக்குத் தெரிந்துபோகிறது. அதன்பிறகு அவன்மேல் திருட்டுப் பழி, ஜெயில், தப்பித்தல், துரத்தல். இதுவரை பார்த்தால் சட்டமும் பணக்காரனும் கைகோத்து ஏழையை நசுக்குகிற கதை. காட்வினுடைய தத்துவத்துக்கு நேர் உதாரணம். ஆனால் நாவலின் மோசமான கொடுமை ஜெயிலில் நடப்பதில்லை. கேலப் வேல்ஸில் ஒரு சின்ன ஊரில் போய் ஒதுங்குகிறான். மணி பழுது பார்க்கிறான், பாடம் சொல்லிக் கொடுக்கிறான், லாரா என்ற பெண்மணியின் வீட்டில் மகன்போல் ஆகிவிடுகிறான். ஒரு நாள் அவனைப் பற்றிய அச்சடித்த கதை அந்த ஊருக்கு வந்து சேர்கிறது. யாரும் அவனைப் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. பாடத்துக்கு வந்தவர்கள் வரவில்லை. பேசியவர்கள் பேசவில்லை. லாராவிடம் போய், என் பக்கத்தைக் கேளுங்கள் என்று மன்றாடுகிறான். அவள் கேட்க மறுக்கிறாள். நல்லவனாக இருந்தால் விளக்கம் எதற்கு என்கிற தோரணை. அவள் பொய்யானவள் அல்ல, கெட்டவளும் அல்ல. அந்த நாவலில் வருகிறவர்களிலேயே அதிகப் பண்புள்ளவள் அவள்தான்.

காட்வின் தன்னையே மறுத்துக்கொண்டார் என்று இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற விமர்சகர்களோடு நான் சேர மாட்டேன். மனிதன் தர்க்கம் செய்கிறபோது நியாயாதிபதியின் ஆசனத்தில் உட்கார்ந்துகொள்கிறான். கதை எழுதுகிறபோது யாருக்குப் பசிக்கிறது, யார் வாசலில் நிற்கிறான் என்று பார்க்காமல் அடுத்த வாக்கியம் எழுத முடிவதில்லை. அந்த நாவலின் முடிவை அவர் மாற்றி எழுதினார் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். முதலில் எழுதிய முடிவில் கேலப் தோற்று, சிறையில் புத்தி பேதலித்துப் போகிறான். அச்சில் வந்த முடிவில் கேலப் ஜெயிக்கிறான், ஃபாக்லண்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றே நாளில் இறந்துபோகிறார். ஜெயித்த கேலப் தன்னைக் கொலைகாரனாக உணர்கிறான். சபையில் நிறுத்திக் குற்றம் சாட்டியதற்கு முன்னால், தனியாகப் போய் மனம் திறந்து பேசியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருப்பாரே என்று துடிக்கிறான். தத்துவ நூலில் இல்லாத ஒரு வழி, மாற்றி எழுதிய முடிவில்தான் காட்வினுக்குக் கிடைத்தது: ஒருவன் இன்னொருவனிடம் போய்க் கேட்பது.

வெடிகுண்டு நாவல்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. கான்ராட் 1907-இல் எழுதிய 'ரகசிய ஏஜண்ட்' 1894-இல் கிரீனிச் பூங்காவில் நடந்த வெடிவிபத்திலிருந்து பிறந்தது. கலையாக அது பெரிய சாதனை. ஆனால் அதில் வருகிற அனார்க்கிஸ்டுகள் சோம்பேறிகளும் ஊதிப்போனவர்களும். அவர்களுடைய எண்ணத்தோடு கான்ராட் ஒரு பக்கம்கூட வாதம் செய்யவில்லை, வெறுக்க மட்டும் செய்தார். டாஸ்டாவ்ஸ்கியின் 'பேய்கள்' வேறு விஷயம். 1869-இல் நெச்சாயெவ் தன் ரகசியக் குழுவிலிருந்து முரண்பட்ட இவானோவ் என்ற மாணவனைக் கூட்டாளிகளோடு சேர்ந்து கொன்ற சம்பவம் அதற்கு விதை. எங்கள் டீக்கடைக்கும் அதற்கும் தூரம் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் நெச்சாயெவ் கட்டளையிட்டான், மற்றவர்கள் கீழ்ப்படிந்தார்கள். எங்களிடம் கட்டளையே கிடையாது. நான் சொல்ல வருகிற பிரச்னை அதுதான்.

கட்டளையே இல்லாத ஒரு ஊரைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஆர்வெல். 1936 டிசம்பரில் பார்ஸிலோனாவில் இறங்கியபோது ஹோட்டல் பரிசாரகர்கள் வந்தவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்கள், டிப்ஸ் வாங்க மறுத்தார்கள், மரியாதைச் சொற்கள் வழக்கொழிந்து எல்லோரும் எல்லோரையும் தோழர் என்றும் 'நீ' என்றும் அழைத்தார்கள். 1938-இல் வந்த 'காட்டலோனியாவுக்கு வணக்கம்' நூலில் இந்தப் பக்கங்களைப் படிக்கிற தமிழனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சமத்துவம் வந்தால் நாம் எல்லோரும் 'நீ' ஆவோமா, 'நீங்கள்' ஆவோமா? பண்ணையாளை 'நீ' என்று கூப்பிட்டுப் பழகின மொழியில் எல்லோரையும் 'நீ' என்பது அவனுக்குக் கிடைத்த விடுதலையா? நாங்கள் ஐவரும் நடுத்தர வகுப்புப் பையன்கள். ஆகவே இந்தக் கேள்வி எங்களுக்கு வரவே இல்லை. அச்சகத்தில் எங்களைவிட இருபது வயது மூத்த கம்பாஸிட்டர் எங்களைச் 'சார்' என்றுதான் அழைத்தார். நாங்கள் அவரை 'நீங்க' என்றோம், அதோடு திருப்திப்பட்டுக்கொண்டோம்.

பார்ஸிலோனாவை நேசித்த அதே ஆர்வெல், 1946-இல் 'கல்லிவர் யாத்திரை'யைப் பற்றி எழுதிய கட்டுரையில் வேறொன்றைக் கண்டார். கல்லிவர் கடைசியில் போய்ச் சேர்கிற குதிரைகளின் நாட்டில் நிர்ப்பந்தம் என்பதே இல்லை, புத்திமதி மட்டுமே உண்டு. சட்டம் இல்லாத சமூகத்தில் மிச்சமிருக்கிற ஒரே நடுவர் பொது அபிப்பிராயம். அது எந்தச் சட்டத்தையும்விடச் சகிப்பு குறைந்தது என்றார். சட்டம் இதைச் செய்யாதே என்று சொல்லிவிட்டு மற்றதில் உன்னை விட்டுவிடுகிறது. அன்பும் அறிவும் ஆட்சி செய்கிற இடத்தில் நீ எல்லோரையும் போலவே நினைக்கவும் வேண்டும். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு முனிசீப் கோர்ட்டாக இருந்திருந்தால்கூட எங்கள் நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பணம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கும். அவன் ஏதாவது சொல்லியிருப்பான். அதைப் பதிவு செய்திருப்பார்கள். அவனை எதுவும் கேட்காமல் இருந்ததை நாங்கள் சுதந்திரம் என்று எண்ணிக்கொண்டோம்.

இந்த விஷயத்தை முழு நாவலாக, அனார்க்கிஸத்தின்மேல் பூரண அன்போடு, ஒரு கணமும் கண்ணை மூடாமல் எழுதியவர் அர்சுலா லெ க்வின். 'உடைமையற்றவர்கள்' 1974-இல் வந்தது. அனாரெஸ் என்ற வறண்ட உபகிரகத்தில் ஓடோ என்ற பெண்மணியின் எண்ணங்களைப் பின்பற்றுகிறவர்கள் குடியேறி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சர்க்கார் இல்லை, சிறை இல்லை, சொத்து இல்லை. 'என்' என்று சொல்வதற்கு அவர்கள் மொழி இடம் கொடுப்பதில்லை. என் அம்மா என்கிற இடத்தில் அம்மா என்கிறார்கள். விஞ்ஞானக் கதை என்று நம்மவர்கள் ஒதுக்கி வைத்துவிடுகிற ரகம். எனக்கு இது கடந்த நூற்றாண்டின் மிகக் கனமான அரசியல் நாவல்களில் ஒன்று.

அதில் வருகிற ஒரு சிறுவர் விளையாட்டைச் சொல்ல வேண்டும். சிறை என்ற ஒன்று பழைய உலகத்தில் இருந்ததாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களால் அதைக் கற்பனை செய்ய முடிவதில்லை. ஆகவே ஒரு கட்டடத்துக்கு அடியில் இருந்த இடுக்கைத் தேர்ந்தெடுத்து, தானாக முன்வந்த ஒரு பையனை உள்ளே வைத்து மூடுகிறார்கள். ஒரு ராத்திரியும் தாண்டிப்போகிறது. திறந்தபோது அந்தப் பையன் தன் மேலேயே அசுத்தம் செய்துகொண்டு வெளிச்சத்துக்குக் கண் கூசி வருகிறான். விளையாடியவர்களில் ஒருவனான ஷெவெக், பின்னால் பெரிய பௌதிக விஞ்ஞானி ஆகப்போகிறவன், தனியாகப் போய் வாந்தி எடுக்கிறான். சிறையே இல்லாத உலகத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைக் கட்டுவதற்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. யாரும் உத்தரவிடவில்லை. உள்ளே போனவனுடைய சம்மதமும் இருந்தது.

அந்தக் கும்பலில் இன்னொருவன் டிரின். புத்திசாலி, வேடிக்கைக்காரன். வளர்ந்தபின் ஒரு நாடகம் எழுதுகிறான், தங்கள் சமூகத்தைக் கொஞ்சம் கேலி செய்து. அதைத் தடை செய்ய அங்கே சட்டமில்லை. பொதுவில் கண்டிக்கிறார்கள். கணிதம் படித்தவனுக்குச் சாலை போடுகிற வேலையே திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் மனநோயாளிகளின் விடுதிக்குப் போய்ச் சேர்கிறான். அவனாகக் கேட்டுக்கொள்ளாமல் அங்கே யாரையும் அனுப்ப மாட்டார்களே என்கிறான் ஷெவெக், நம்ப முடியாமல். இன்னொரு நண்பன் பெடாப் அவனுக்குக் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கிறது: நாம் கூடி வாழ்வதை விட்டுவிட்டோம், கீழ்ப்படிகிறோம், கீழ்ப்படிவது யாருக்கு என்று சுட்டிக்காட்ட ஆள் இல்லாததால் அது நமக்குத் தெரியவில்லை. பின்னால் பஞ்சகாலத்தில் ஷெவெக் டிரினைச் சந்திக்கிறபோது அவன் அதே நாடகத்தை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறான்.

இங்கே லெ க்வின் செய்வதைக் கவனிக்க வேண்டும். இதைக் காட்டிவிட்டு, பார்த்தீர்களா, சர்க்கார் இல்லாமல் முடியாது என்று அவர் கையைக் கழுவிக்கொள்வதில்லை. ஷெவெக் சொத்தும் போலீஸும் உள்ள தாய்க்கிரகத்துக்குப் போகிறான்; அங்கே ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுடுவதைப் பார்க்கிறான்; வெறுங்கையோடு அனாரெஸுக்கே திரும்பி வருகிறான். அங்கே அவனைத் துரோகி என்று சொல்கிறவர்கள் காத்திருக்கக்கூடும் என்று தெரிந்தே வருகிறான்.

நம் பக்கத்தில் இதற்கு உதாரணம் உண்டா என்று கேட்டால், தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத எம். பி. டி. ஆசார்யாவைச் சொல்லத் தோன்றுகிறது. 1887-இல் சென்னையில் பிறந்து, பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்பு கொண்டு, ஐரோப்பாவெங்கும் அலைந்து, 1920-இல் தாஷ்கண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, பிறகு அனார்க்கிஸ்டாகி, 1954-இல் பம்பாயில் வறுமையில் இறந்தவர். ஆனால் அவர் எழுதியது கட்டுரை. நான் தேடுகிற உதாரணம் வேறிடத்தில், ஒரு சுயசரிதைக்காரரின் நேர்மையில் இருக்கிறது. 1916-இல் காசியில் பேசும்போது தாமும் ஒரு அனார்க்கிஸ்ட், ஆனால் வேறு ரகம் என்று சொல்லிக்கொண்டவர் காந்தி. அதற்கு முன்னால், 1910-இல், ஜோஹானஸ்பர்க்குக்கு வெளியே காலன்பாக் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அவர் அமைத்த குடியிருப்புக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர். சர்க்காரே பாவம் என்று சொன்ன டால்ஸ்டாயின் பெயர். அங்கே தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. வேலையாட்கள் இல்லை, எல்லா வேலையும் எல்லோரும் செய்தார்கள்.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தைத் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலில் காந்தியே எழுதியிருக்கிறார். சில பையன்கள் இரண்டு பெண்களைக் கேலி செய்தார்கள். பையன்களைக் கண்டித்தார். அது அவருக்குப் போதவில்லை. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் அந்தப் பெண்களிடம், உங்கள் நீண்ட கூந்தலை வெட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்றார். அவர்கள் முதலில் ஒப்பவில்லை. பெரிய பெண்களுக்கும் மனம் தாளவில்லை. பிறகு எல்லோரும் ஒப்பினார்கள். தம் கையாலேயே வெட்டினார். அதற்குப்பின் கேலி நின்றது. நிர்ப்பந்தம் எங்கே என்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது. சம்மதம் இருந்தது, அன்பு இருந்தது. பையன்கள் செய்த தப்புக்குப் பெண்களின் கூந்தல் போயிற்று. இதைப் பிறர் பின்பற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் அவரே எழுதுகிறார். அந்த எச்சரிக்கையில் ஒரு நாவலாசிரியன் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி வளர்ந்து அதே காலையைப் பற்றி எழுதியிருந்தால் நமக்கு இன்னொரு புத்தகம் கிடைத்திருக்கும்.

அப்படியானால் உனக்குப் போலீஸ் வேண்டும், அவ்வளவுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. அரசுகள் கேள்வி கேட்காமல் புதைத்தவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் எங்கள் டீக்கடை ஒன்றுமே இல்லை. நான் கேட்பது, உத்தரவும் இல்லாமல், அண்டை வீட்டுக் கண்ணுக்குப் பயந்தும் இல்லாமல் ஒருவன் தன் வாக்கைக் காப்பாற்றுவது எப்போதாவது நடந்ததா என்பதுதான். ஒன்று எனக்குத் தெரியும்.

1921 பிப்ரவரி 8 அன்று க்ரோபோட்கின் டிமிட்ரோவ் என்ற சிறு நகரத்தில் இறந்தார். வயது 78. பணயக் கைதிகளைப் பிடிக்கும் வழக்கத்தை எதிர்த்து 1920 டிசம்பரில்தான் லெனினுக்குக் கடிதம் எழுதியிருந்தார். 13-ஆம் தேதி மாஸ்கோவில் சவ ஊர்வலம். கறுப்புக் கொடிகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். டால்ஸ்டாய் மியூசியத்தைத் தாண்டும்போது ஷோபனின் மரண கீதம் வாசிக்கப்பட்டது. புட்டிர்க்கி சிறையைத் தாண்டும்போது உள்ளேயிருந்த கைதிகள் கம்பிகளை உலுக்கிப் பாடினார்கள். சிறையில் கிடந்த அனார்க்கிஸ்டுகள் சிலரை, திரும்பி வருவதாக அவர்கள் கொடுத்த வாக்கின்மேல், அன்று ஒரு நாளைக்கு மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆரன் பாரன் கல்லறையில் நின்று புதிய ஆட்சியைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். சாயங்காலம் அவர்கள் சிறைக்குத் திரும்பிப் போனார்கள். அடுத்த மாதம் க்ரான்ஸ்டாட் கலகம் ரத்தத்தில் முடிந்தது.

அவர்கள் ஏன் திரும்பிப் போனார்கள்? சட்டத்தை மதிக்கிறவர்கள் அல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய இடத்தில் நழுவியிருக்கலாம், ஒளித்து வைக்க நண்பர்கள் இருந்தார்கள். வாக்குக் கொடுத்தது ஜெயிலருக்கு. ஜெயிலருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதைத் தப்பென்று அவர்கள் கூட்டத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டோம். நான் இதைப் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை. இதை நாவலாக யாராவது எழுதினால், ஊர்வலத்தை எழுதாமல், கல்லறையிலிருந்து சிறைவாசல்வரை அவர்கள் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்பதை எழுத வேண்டும்.

எங்கள் நண்பனை 1996-இல் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை, பக்கத்தில் கல்லூரி வயதில் ஒரு பெண். என்னை அவன்தான் முதலில் அடையாளம் கண்டான். பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குற்றம் சாட்டுவதற்காக அல்ல, பதினாறு வருஷம் தாமதமாகவாவது யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காக. வாயைத் திறப்பதற்குள் அவன் பெண்ணைப் பார்த்து, "சாரும் நானும் ஒரு காலத்துல பத்திரிகை நடத்தினோம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றான். திருவாரூர் போகிறேன் என்று சொன்னேன். என் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.